7 அடி 5 அங்குல உயரம்.. ஆனா வேகமா ஓட முடியாது: இப்படி ஒரு வீரரை அணியில் எடுக்கலாமா?

2015 ஏப்ரல் 7. அமெரிக்காவின் சாக்ரமென்டோ நகரம். மினசோட்டா அணிக்கு எதிரான என்பிஏ கூடைப்பந்து ஆட்டம் முடிய இன்னும் 16 வினாடிதான் பாக்கி. சாக்ரமென்டோ கிங்ஸ் அணியின் பெஞ்சில் இருந்து ஒருவர் எழுந்து ஆடுகளத்துக்குள் வந்தார். உயரம் 7 அடி 5 அங்குலம். எடை சுமார் 160 கிலோ. பெயர் சிம் புல்லர்.

கனடாவில் பிறந்த பஞ்சாபி இவர். என்பிஏ-வில் ஆடிய முதல் இந்திய வம்சாவளி வீரர் என்ற பெருமை அந்த 16 வினாடியில் அவருக்குக் கிடைத்தது. அதன்பிறகு இன்னும் 2 ஆட்டங்கள். மொத்தமாகச் சேர்த்தாலும் ஆடியது சுமார் 3 நிமிடம், எடுத்தது 2 புள்ளி. அத்தோடு அவரது என்பிஏ பயணம் முடிந்துவிட்டது.

கையைத் தூக்கினாலே வளையத்துக்குப் பக்கத்தில் போய்விடும் உயரம். அப்படியும் ஏன் 3 நிமிடத்தோடு அனுப்பிவிட்டார்கள்? காரணத்தை ஒரே சொல்லில் சொல்லலாம்: கால்.

கூடைப்பந்தில் திரும்பத் திரும்ப எழும் கேள்வி இது. மலை மாதிரி உயரம், ஆனால் மெதுவான கால். இப்படி ஒரு சென்டர் கிடைத்தால் அணியில் எடுக்கலாமா, வேண்டாமா? எளிமையாகப் பார்ப்போம்.

இது நமக்கு எதுக்கு?

என்பிஏ எங்கேயோ இருக்கு, நமக்கென்ன என்று தோன்றலாம். ஆனால் திருப்பூர் நல்லூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் 9ஆம் வகுப்புப் பையன் 6 அடியைத் தாண்டிவிட்டால், பி.டி. சார் கண்ணில் முதலில் படுவது அவன்தான். "தம்பி, சாயங்காலம் கிரவுண்டுக்கு வா" என்பார். பனியன் கம்பெனி ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வரும் அப்பா அம்மாவுக்கு அன்று ராத்திரி ஒரு புதுக் கனவு பிறக்கும்.

அந்தக் கனவில் அர்த்தம் இல்லாமல் இல்லை. நம்ம ஊரில் ஒரு கூடைப்பந்து அணி வீரரை 'எடுப்பது' என்றால், பெரும்பாலும் அது விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைக்கும் ஒரு வேலை. சென்னையில் இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி என்று வலுவான அணிகள் இருக்கின்றன. ராணுவம், விமானப்படை, கேரள மின்வாரியம் எல்லாமே அணி வைத்திருக்கின்றன. பக்கத்துக் கோவையில் நடக்கும் நாச்சிமுத்து கவுண்டர் கோப்பை போன்ற அகில இந்தியப் போட்டிகளில் இந்த மாதிரி அணிகள் ஆடுவதை நேரிலேயே பார்க்கலாம்.

அதனால், உயரமான பையனை எடுக்கலாமா என்ற கேள்விக்குப் பின்னால் ஒரு குடும்பத்தின் எதிர்காலமே இருக்கலாம்.

சென்டர்னா யாரு?

கூடைப்பந்தில் ஒரு அணிக்கு 5 பேர். பந்தைக் கொண்டு வருபவர் பாயிண்ட் கார்டு, பொதுவாக குள்ளமானவர், வேகமானவர். வளையத்துக்குக் கீழே நின்று காவல் காப்பவர் சென்டர், பொதுவாக அணியிலேயே உயரமானவர்.

வளையம் தரையில் இருந்து 10 அடி உயரத்தில் இருக்கிறது. அதாவது 3.05 மீட்டர். உள்ளூர் போட்டியோ ஒலிம்பிக்கோ, எங்கே போனாலும் இந்த உயரம் மாறாது. அதனால்தான் உயரத்துக்கு இந்த ஆட்டத்தில் அவ்வளவு மவுசு.

உயரத்தால் என்ன லாபம்?

முதலாவது, பிளாக். எதிரணி வீரர் வளையத்துக்குப் பக்கத்தில் வந்து அடிக்கும் பந்தைக் கையாலேயே தடுத்துவிடலாம். ஸ்கோர் ஷீட்டில் பிளாக் மட்டும்தான் பதிவாகும். ஆனால் இவர் நிற்பதைப் பார்த்தே உள்ளே வராமல் திரும்பிப் போகிறவர்கள் பலர். அந்த லாபம் எந்த ஷீட்டிலும் வராது.

இரண்டாவது, ரீபவுண்ட். வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்தை முதலில் பிடிப்பது. நம் அணி அடித்துத் தவறிய பந்தை நாமே பிடித்துவிட்டால், இன்னொரு முறை அடிக்க 14 வினாடி கிடைக்கும். போன ஒரு வாய்ப்பு திரும்பி வருகிற மாதிரி.

மூன்றாவது, இழுப்பு. இவரைத் தனி ஆளாகத் தடுப்பது கஷ்டம் என்பதால் எதிரணி 2 பேரை அனுப்பும். அப்போது நம்மவர் ஒருவர் எங்கோ தனியாக நிற்பார். அவருக்குப் பந்தைத் தள்ளினால் போதும்.

அப்போ மெதுவான கால்ல என்ன பிரச்சினை?

பிரச்சினை இரண்டு இடத்தில் வரும்.

ஒன்று, திரும்பி ஓடும்போது. ஆடுகளத்தின் நீளம் 28 மீட்டர். நம் அணி பந்தை இழந்த அடுத்த நொடியே எதிரணி எதிர்ப்பக்கம் பாயும். 4 பேர் திரும்பிவிடுவார்கள். நம்ம சென்டர் இன்னும் நடுக்கோட்டைத் தாண்டியிருக்க மாட்டார். அந்தச் சில வினாடிக்கு ஆட்டம் 5-க்கு 4. எதிரணிக்கு அது போதும்.

இரண்டு, ஸ்கிரீன் போடும்போது. எதிரணி சென்டர் மேலே வந்து, பந்தோடு வரும் தன் கார்டுக்காக ஒரு சுவர் மாதிரி நிற்பார். துரத்தி வந்த நம்ம ஆள் அந்தச் சுவரில் மாட்டிக்கொள்வார். இப்போது பந்தோடு வருபவரைத் தடுக்க வேண்டியது நம்ம சென்டர். அவர் வெளியே வந்தால், அந்தக் குட்டி கார்டு ஒரே வெட்டில் அவரைத் தாண்டிவிடுவார். வெளியே வராமல் வளையத்துக்குக் கீழேயே நின்றால், கார்டு தூரத்தில் இருந்து நிதானமாக ஒரு த்ரீ பாயிண்டர் போடுவார்.

இதில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. தூரத்தில் இருந்து 100 முறை அடித்து 35 மட்டும் விழுந்தால்கூட 105 புள்ளி. நடு தூரத்தில் இருந்து 100-க்கு 40 விழுந்தாலும் 80 புள்ளிதான். என்பிஏ அணிகள் இந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டன. 1979-80 சீசனில் த்ரீ பாயிண்டர் அறிமுகமானபோது ஒரு அணி ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 3 முறைகூட முயற்சி செய்யவில்லை. சிம் புல்லர் வந்த 2014-15 சீசனில் அது 22-ஐத் தாண்டியது. 2023-24 சீசனில் 35.

அதாவது ஆட்டம் வளையத்தை விட்டு வெளியே நகர்ந்துவிட்டது. வளையத்துக்குக் கீழே நிற்பவரின் மதிப்பும் அதோடு சேர்ந்து ஆட்டம் கண்டது.

அங்கே 3 நிமிடம்.. தைவானில் பல சீசன்!

சிம் புல்லரின் கதையில் பலர் கவனிக்காமல் விடுவது, என்பிஏ-வுக்கு முன்னும் பின்னும் அவர் என்ன செய்தார் என்பதைத்தான்.

என்பிஏ-வுக்கு முன்பு, அப்போது டி-லீக் என்று அழைக்கப்பட்ட இரண்டாம் நிலை லீக்கில் ரீனோ அணிக்கு ஆடினார். அந்த அணியின் பாணியே தலைதெறிக்க ஓடுவதுதான். வீரர்களை அடிக்கடி மொத்தமாக மாற்றி, ஓட்டமும் த்ரீ பாயிண்டருமாக ஆடும் அணி. அதில் 160 கிலோ மனுஷன் எப்படித் தாக்குப் பிடிப்பார்? பிடித்தார். ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக சுமார் 10 புள்ளி, 9 ரீபவுண்டுக்குப் பக்கம், 4 பிளாக்குக்குப் பக்கம். விஷயம் என்னவென்றால், ஒரே மூச்சில் ரொம்ப நேரம் ஆட வைக்காமல், கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, வளையத்தைக் காக்கும் வேலையை மட்டும் கொடுத்தார்கள்.

அதைப் பார்த்துத்தான் கிங்ஸ் அணி 10 நாள் ஒப்பந்தம் போட்டது. திருப்பூர் பாஷையில் சொன்னால் அது ஒரு சாம்பிள் ஆர்டர். சாம்பிள் பிடித்திருந்தால்தான் பல்க் ஆர்டர் வரும். வரவில்லை. கிங்ஸ் அணி அப்போதே பிளே-ஆஃப் வாய்ப்பை இழந்திருந்தது. அணியின் உரிமையாளர் விவேக் ரணதிவே மும்பையில் பிறந்தவர். 'இது ஆட்டத்துக்காகவா, இந்திய ரசிகர்களுக்காகவா?' என்ற பேச்சு எழுந்ததில் ஆச்சரியம் இல்லை.

பிறகு சிம் தைவானுக்குப் போனார். அங்கே வெளிநாட்டு வீரராகப் பல சீசன்கள் ஆடினார். அதே உயரம், அதே கால். வேறுபட்டது என்ன?

விதி மாறினா, வீரரின் மதிப்பும் மாறும்!

என்பிஏ-வில் ஒரு விதி இருக்கிறது. பாதுகாக்கும் வீரர், யாரையும் நெருங்கிக் காவல் காக்காமல், வளையத்துக்கு முன்னால் இருக்கும் 'பெயிண்ட்' கட்டத்துக்குள் 3 வினாடிக்கு மேல் சும்மா நிற்கக் கூடாது. நின்றால் எதிரணிக்கு ஒரு ஃப்ரீ த்ரோ, பந்தும் அவர்களுக்கே. ஆக, மெதுவான சென்டர் வளையத்துக்குக் கீழேயே குடியிருக்க முடியாது. உள்ளே வெளியே என்று நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். அவருக்கு வராததே அதுதான்.

உலகக் கூடைப்பந்து சம்மேளனமான ஃபிபா விதிப் புத்தகத்தில் இந்தக் கட்டுப்பாடு கிடையாது. பாதுகாக்கும் வீரர் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வளையத்துக்குக் கீழே நிற்கலாம். இன்னொரு சலுகையும் உண்டு. அடித்த பந்து வளையத்தில் பட்டுவிட்டால், அது வளையத்துக்கு மேலேயே ஆடிக்கொண்டிருந்தாலும் கையால் தட்டிவிடலாம். என்பிஏ-வில் அது தவறு. உயரமானவருக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்று யோசித்துப் பாருங்கள்.

ஆட்ட நேரமும் குறைவு. என்பிஏ-வில் 48 நிமிடம், ஃபிபா விதியில் 40 நிமிடம். த்ரீ பாயிண்ட் கோடும் என்பிஏ-வை விட அரை மீட்டர் அளவுக்கு உள்ளே, 6.75 மீட்டரில் இருக்கிறது. இதனால் சென்டர் வெளியே வர வேண்டிய தூரமும் கொஞ்சம் குறைகிறது.

விதி மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. எதிரணியில் தூரத்தில் இருந்து குறி தவறாமல் அடிப்பவர்கள் எத்தனை பேர் என்பதும் முக்கியம். ஆனால் இந்தியாவிலும் ஃபிபா விதிப்படிதான் ஆட்டம் நடக்கிறது. ஆகவே, 'என்பிஏ-வே வேண்டாம்னு சொன்ன டைப்' என்று இங்கே ஒரு பையனை ஒதுக்குவது தவறான கணக்கு.

சத்னம் சிங் விஷயத்தில் என்ன நடந்தது?

இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். பஞ்சாபில் பலோ கே என்ற சின்ன கிராமம். அங்கே ஒரு விவசாயியின் மகன் சத்னம் சிங். அப்பாவே 7 அடிக்கு மேல். சின்ன வயதிலேயே பையனின் உயரத்தைப் பார்த்து லூதியானா கூடைப்பந்து அகாடமியில் சேர்த்தார்கள். 2010-ல், 14 வயதில், அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் உள்ள ஐஎம்ஜி அகாடமிக்குப் போனார். ஆங்கிலம் தெரியாது, சாப்பாடு வேறு, ஊர் வேறு.

2015 ஜூனில் நடந்த என்பிஏ டிராஃப்டில் டல்லாஸ் மேவரிக்ஸ் அணி அவரை 52-வது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. இந்தியாவில் பிறந்து என்பிஏ டிராஃப்டில் தேர்வான முதல் வீரர். உயரம் 7 அடி 2 அங்குலம், வயது 19. நாடே கொண்டாடியது. அவரைப் பற்றி ஆவணப்படம்கூட வந்தது.

ஆனால் என்பிஏ-வில் அவர் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. மேவரிக்ஸின் துணை அணியான டெக்சஸ் லெஜண்ட்ஸுக்கு 2 சீசன். அதிலும் பெரும்பாலான நேரம் பெஞ்சில்தான். கல்லூரி அணியில் ஆடி அனுபவம் பெறாமல் நேராகப் போனவர். ஒரு மெதுவான சென்டர் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் எல்லாமே ஆட்ட நேரத்தில்தான் வரும். அந்த ஆட்ட நேரம்தான் அவருக்குக் கிடைக்கவே இல்லை.

பிறகு கனடாவில் ஒரு லீக், இந்திய அணி என்று ஆடினார். ஊக்கமருந்து சோதனையில் சிக்கியதால் 2020 டிசம்பரில் அவருக்கு 2 ஆண்டு தடை விதிக்கப்பட்டது. இப்போது அவர் அமெரிக்காவின் ஏஇடபிள்யூ தொழில்முறை மல்யுத்த மேடையில் இருக்கிறார். 2022-ல் அங்கே அறிமுகமானார். கூட்டம் கை தட்டுகிறது. ஆனால் அந்தக் கைதட்டல் கூடைப்பந்துக்கு இல்லை.

உயரத்துக்காக எடுத்தார்கள். எடுத்தபிறகு எங்கே, எத்தனை நிமிடம், எந்த வேலைக்கு ஆட வைப்பது என்பதற்குத் தெளிவான பதில் இல்லாமல் போய்விட்டது. நஷ்டம் அணிக்குச் சின்னது. 52-வது தேர்வு, அவ்வளவுதான். பையனுக்கோ இளமையின் முக்கியமான வருஷங்கள்.

அப்போ மெதுவான கால் ஜெயிக்கவே முடியாதா?

முடியும். அமெரிக்காவின் மார்க் ஈட்டன் கதை அதற்குச் சாட்சி. உயரம் 7 அடி 4 அங்குலம். பள்ளி முடித்ததும் கார் மெக்கானிக் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர். ஒரு கல்லூரிப் பயிற்சியாளர் கண்ணில் பட்டு மறுபடியும் ஆட வந்தார். பிறகு பெரிய பல்கலைக்கழக அணியில் சேர்ந்தும் பெஞ்சில்தான் இருந்தார்.

ஒருநாள் பயிற்சி ஆட்டத்தில் ஒரு குட்டி கார்டைத் துரத்தித் துரத்தி மூச்சு வாங்கி நின்றபோது, ஜாம்பவான் வில்ட் சேம்பர்லைன் அவரிடம் வந்து ஒன்று சொன்னாராம். அவனைப் பிடிக்கிறது உன் வேலையே இல்லை, வளையத்துக்கு முன்னால் நின்று யாரையும் உள்ளே விடாமல் பார்ப்பதுதான் உன் வேலை என்று. ஈட்டன் அதைப் பிடித்துக்கொண்டார்.

1982-ல் யூட்டா ஜாஸ் அணி அவரை 4-வது சுற்றில்தான் எடுத்தது. 1984-85 சீசனில் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 5.6 பிளாக். அந்தச் சாதனையை இன்றுவரை யாரும் தாண்டவில்லை. சிறந்த தடுப்பாட்ட வீரர் விருது 2 முறை. ஒரே அணியில் 11 சீசன்.

அது 80-களின் ஆட்டம், இப்போது செல்லுமா என்று கேட்கலாம். 2024-ல் மெம்பிஸ் அணி, 7 அடி 4 அங்குல சாக் ஈடியை 9-வது ஆளாக எடுத்தது. அப்போதும் இதே வாதம்தான், 'கால் மெதுவு, இந்தக் காலத்துக்கு ஒத்துவராது' என்று. முதல் சீசனில் அவரைச் சராசரியாக 21 நிமிட அளவுக்குத்தான் ஆட வைத்தார்கள். அந்த வருஷத்தின் சிறந்த புதுமுக வீரர்கள் முதல் ஐவர் பட்டியலில் அவர் இடம்பிடித்தார்.

சரி, எடுக்கலாமா வேண்டாமா?

எடுக்கலாம். ஆனால் கையெழுத்துப் போடும் முன்பே அணியிடம் இந்த 5 கேள்விக்குப் பதில் இருக்க வேண்டும்.

1. எத்தனை நிமிடம்? 40 நிமிட ஆட்டத்தில் 12 முதல் 18 நிமிடம் என்று தொடங்குவது நியாயம். பாரமான உடம்பு பாதத்தில்தான் இறங்கும். 7 அடி 6 அங்குல யாவ் மிங், பாதத்திலும் கணுக்காலிலும் ஏற்பட்ட தொடர் காயங்களால் 30 வயதிலேயே, 2011-ல், ஓய்வு பெற்றதை மறக்கக் கூடாது.

2. கூட நிற்கும் 4 பேர் யார்? ஒரு மெதுவான ஆளைத் தாங்க, மீதி 4 பேரும் ஓடக்கூடியவர்களாக, தூரத்தில் இருந்து அடிக்கக்கூடியவர்களாக இருக்க வேண்டும். மெதுவான ஆட்கள் 2 பேரைச் சேர்த்து இறக்கினால் கதை முடிந்தது.

3. ஃப்ரீ த்ரோ விழுமா? கடைசி நிமிடங்களில் எதிரணி வேண்டுமென்றே இவரை ஃபவுல் செய்யும். ஃப்ரீ த்ரோ போடத் தெரியாவிட்டால், முக்கியமான நேரத்தில் இவரை வெளியே உட்கார வைக்க வேண்டிவரும். ஃபிபா விதியில் 5 ஃபவுலோடு வெளியேற்றம் என்பதால் அவசரப்பட்டுக் கை வைக்காத பழக்கமும் வேண்டும்.

4. காலுக்குப் பயிற்சி தர ஆள் இருக்கா? மெதுவான காலை முழுசாக வேகமாக்க முடியாது. ஆனால் பந்து எங்கே வரும் என்று முன்கூட்டியே படித்து, அரை வினாடி முன்னதாகக் கிளம்பக் கற்றுக்கொடுக்கலாம். ஸ்கிப்பிங், குனிந்து நிற்கும் நிலை, பக்கவாட்டில் நகரும் பயிற்சி எல்லாம் தினமும் நடக்க வேண்டும்.

5. உடல் பரிசோதனை முடிந்ததா? அசாதாரண உயரம் சிலருக்கு ஹார்மோன் கோளாறாலோ, 'மார்ஃபான்' என்ற பரம்பரைக் குறைபாட்டாலோ வரலாம். மார்ஃபான் இதயத்தின் பெரிய ரத்தக்குழாயைப் பலவீனமாக்கக் கூடியது. 2014 டிராஃப்டுக்குச் சில நாள் முன்பு நடந்த பரிசோதனையில்தான் 7 அடி 1 அங்குல ஐசையா ஆஸ்டினுக்கு இது தெரியவந்தது. இதய எக்கோ பரிசோதனையை உயரமான பிள்ளைகள் விஷயத்தில் தள்ளிப்போடக் கூடாது.

வீட்டில் உயரமான பிள்ளை இருக்கா?

அகாடமியோ அணியோ கூப்பிட்டால் சந்தோஷப்படுங்கள். கூடவே ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "சார், இவனை எத்தனை நிமிஷம் ஆட வைப்பீங்க?"

"அதெல்லாம் பார்த்துக்கலாம், ஹைட் இருக்கே" என்று பதில் வந்தால் கொஞ்சம் யோசியுங்கள். "முதல் வருஷம் பயிற்சி, மாவட்டப் போட்டியில் இத்தனை ஆட்டம், படிப்பு நிற்காது" என்று பதில் வந்தால் தைரியமாக அனுப்பலாம்.

இந்தியாவிலேயே நல்ல முன்மாதிரி உண்டு. பஞ்சாபைச் சேர்ந்த 6 அடி 11 அங்குல அம்ரித்பால் சிங், கூடைப்பந்துக்கே தாமதமாகத்தான் வந்தார். ஆட்ட நேரம் கிடைத்த இடத்தில் எல்லாம் ஆடினார். 2014-ல் ஊஹான் நகரில் சீனாவை 65-58 என்று இந்தியா வீழ்த்திய அணியில் அவர் இருந்தார். 2017-ல் ஆஸ்திரேலியாவின் சிட்னி கிங்ஸ் அணி அவரை ஒப்பந்தம் செய்தது. டிராஃப்ட் கொண்டாட்டம் இல்லை, ஆவணப்படம் இல்லை. ஆனால் ஆடுகளத்தில் நின்றார்.

உயரம் ஒரு பையனுக்குக் கதவைத் திறந்துவிடும். உள்ளே போனபிறகு அவனுக்கு ஒரு வேலையும், அதைச் செய்ய நேரமும் தர வேண்டியது அணியின் பொறுப்பு. அந்தப் பொறுப்பை ஏற்கத் தயாராக உள்ள அணி, மெதுவான காலைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. தயாராக இல்லாத அணி, எவ்வளவு உயரமான ஆள் கிடைத்தாலும் அவரை எடுக்காமல் இருப்பதே அவருக்குச் செய்யும் நல்லது.